சுருமாவில் தங்கம்

என் அண்ணன் என்னைப் பாராட்டியது இதுவரை ஒரே ஒரு தடவைதான், அதுவும் தப்பான காரணத்துக்கு. அந்தப் பாராட்டில் மயங்கி வாயை மூடிக்கொண்டிருந்த மூன்று வாரங்களை நினைத்தால் முதலில் எனக்கு என்மேல்தான் கோபம் வருகிறது. அண்ணன்மேல் வரும் கோபம் அதற்கு அடுத்த இடத்தில் இருந்தாலும் அளவில் பெரியது.

கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் கடை இருக்கிறது. அத்தர், தொப்பி, தஸ்பீஹ் மணி, ஊதுபத்தி, கண்ணுக்கு மையாகத் தீட்டுகிற சுருமா எல்லாம் கிடைக்கும். எங்கள் அத்தா மௌத்தான பிறகு கடை அண்ணனிடம் போனது. என்னைக் கட்டிக்கொடுத்த வீட்டில் மூன்று வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவள் நான். அண்ணன் வீட்டு மாடியில் ஓர் அறையில் இருந்தேன். பி.எஸ்ஸி. இயற்பியல் படித்திருந்தேன். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு, நகைக்கடைகள் இருக்கும் தெருவில் தங்கத்துக்கு டச் பார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன்.

டச் என்றால் ஒரு நகையில் நூற்றுக்கு எத்தனை பங்கு தங்கம் என்பது. முன்பு உரைகல்லில் தேய்த்துப் பார்த்தார்கள், இப்போது எக்ஸ்ரே. ஒரு சின்ன பெட்டி, மேலே மூடி, உள்ளே நகையை வைக்க ஒரு மேடை. மூடியைச் சாத்தி பட்டனை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். உள்ளே போகும் கதிர் உலோகத்தின் அணுவில் உள்வட்டத்தில் இருக்கிற எலக்ட்ரானைத் தட்டிவிடும். காலியான இடத்துக்கு வெளிவட்டத்திலிருந்து இன்னொன்று இறங்கும். இறங்கும்போது அந்த அணு தன் பங்குக்கு ஒரு எக்ஸ்ரேயை வெளியே விடும். அதன் வலு உலோகத்துக்கு உலோகம் மாறும், ஒரே உலோகத்துக்கு எந்த நாளும் மாறாது. திரையில் அது மேடு மேடாக ஒரு கோடாக வரும். தங்கத்தின் மேடு தங்கத்தின் இடத்தில்தான் நிற்கும், தாமிரத்தின் மேடு தாமிரத்தின் இடத்தில்தான் நிற்கும். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்கும். மனிதர்களைவிட ஒழுங்கான சங்கதி அது.

வருகிறவர்களுக்கு இந்தக் கோடெல்லாம் வேண்டாம். சீட்டு வேண்டும், சீட்டில் எண் வேண்டும், கீழே என் கையெழுத்து வேண்டும். அவ்வளவுதான்.

நான் அந்த வேலைக்குப் போவது அண்ணனுக்கு அடியோடு பிடிக்கவில்லை. "கண்ட கதிர்ல போய் உக்காந்துகினு இருக்கியே, உனக்கு வூட்ல இன்னா கம்மி?" என்று சோற்றுத் தட்டின் முன்னால் தினமும் கேட்பான். எனக்கு அந்த வீட்டில் என்ன குறைவு என்று அவனுக்கு நிஜமாகவே தெரியாது. அண்ணி கேட்காத மாதிரி தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டிருப்பாள். அவளுக்கும் எனக்கும் ஆகாது. நான் இருக்கிற மாடி அறை அவளுடைய தம்பிக்கு ஒதுக்கி வைத்திருந்த அறை.

ஒரு நாள் மதியம் அண்ணன் எங்கள் டச் கடைக்கே வந்துவிட்டான். கையில் சுருமா புட்டி. என் முதலாளி பக்கத்தில் இருந்தார், வேறு இரண்டு பேர் நகையோடு காத்திருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "உன் மெஷினு பெரிய மெஷினாச்சே. இதுல இன்னா இருக்குன்னு சொல்லச் சொல்லு, பாக்கலாம்" என்றான்.

சுருமாவை அண்ணன் வெளியிலிருந்து வாங்கி விற்பதில்லை. கல்லாக வாங்குவான். கறுப்புக் கல், உடைத்தால் உள்ளே கண்ணாடித் துண்டு போல மின்னும். அதைப் பன்னீரில் ஊறவைத்து, நாள் கணக்கில் அரைத்து, மெல்லிய துணியில் சலித்து, சின்னச் சின்ன புட்டியில் அடைப்பான். கட்டை விரல் உயரம்கூட இல்லாத புட்டிதான், கையில் வாங்கினால் கனம் தெரியும். அந்தக் கனத்தைச் சொல்லித்தான் விற்பான். "வெயிட்ட பாரு மா, கலப்படம் இல்லாத சரக்கு" என்பான்.

அவனைச் சீக்கிரம் வெளியே அனுப்பினால் போதும் என்று எனக்கு இருந்தது. பொடியைக் கொஞ்சம் மெல்லிய பாலித்தீன் தாளில் கொட்டி மேடையில் வைத்தேன். நாள் முழுக்க எந்தப் பட்டனை அழுத்துகிறேனோ அதையே அழுத்தினேன். நகைக்கான பட்டன் அது. அந்தக் கணக்கில் எங்கள் மெஷினுக்குப் பத்துப் பன்னிரண்டு உலோகங்களின் பட்டியல் ஒன்று உண்டு. உள்ளே எது வந்தாலும் அந்தப் பட்டியலில் இருக்கிற யாராவது ஒருத்தர் தலையில் கட்டிவிடும். மொத்தம் நூறு வந்தாக வேண்டும், அதுதான் அதற்குக் கவலை. காரீயம், எங்கள் பேச்சில் ஈயம், அந்தப் பட்டியலில் இல்லை. எங்கள் தெருவில் காரீயத்துக்கு டச் பார்க்கச் சொல்லி யாரும் வந்ததில்லை.

சீட்டு வந்தது. முதல் வரியில் தங்கம், பக்கத்தில் அறுபத்துச் சொச்சம் என்று எண்.

அண்ணன் சீட்டைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "பரவால்லியே. நீ படிச்சது வீணாப் போவல" என்றான்.

அந்த நிமிஷமே நான் சொல்லியிருக்க வேண்டும். பாதிக்குமேல் தங்கமாக இருக்கிற பொடி கறுப்பாக இருக்குமா, தொப்பிக் கடை அலமாரியில் தூசி படிந்து உட்கார்ந்திருக்குமா? தப்பான பட்டன் என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனால் சின்ன வயதிலிருந்து அவன் வாயிலிருந்து வராத வார்த்தை ஒன்று வந்திருந்தது, அதை உடனே திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. முதலாளியும் சிரித்துக்கொண்டிருந்தார். நான் கையெழுத்துப் போட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நடந்தது இதுதான்.

மறுநாள் அந்தச் சீட்டு லேமினேஷன் ஆகி அண்ணன் கடையில் கல்லாவுக்கு மேலே தொங்கியது. அது மட்டும் என்றால்கூடப் போகட்டும். சீட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கத்தையாக வைத்துக்கொண்டு, சுருமா வாங்குகிற ஒவ்வொருவருக்கும் புட்டியைச் சுற்றிக் கொடுத்தான். எலவனாசூர்கோட்டையிலிருந்து வந்து கேட்டார்கள். கச்சிராயபாளையத்திலிருந்து கரும்பு வெட்டுகிற பெண்கள் பஸ் பிடித்து வந்தார்கள். மலையிலிருந்து கூலி வேலைக்கு இறங்கி வருகிறவர்களும் வாங்கிப் போனார்கள். எல்லா வீட்டிலும் கைக்குழந்தை உண்டு. சுருமா கண்ணுக்குக் குளிர்ச்சி என்பதில் எங்கள் ஆட்களுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் கிடையாது. என் முதலாளிக்கோ தன் கடைப் பெயர் எதிர்த் தெருவிலும் தொங்குகிறது என்று சந்தோஷம். அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவரும் கேட்கவில்லை.

வீட்டில் என் நிலைமை திடீரென்று உயர்ந்தது. அண்ணன் தன் கையால் எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தான். அதையும் குடித்தேன்.

அண்ணனுக்கு ஒரே மகள், ஒன்றரை வயது. வெள்ளிக்கிழமை குளிப்பாட்டி முடித்ததும் அவளை மடியில் கிடத்தி, சுருமாக் குச்சியால் இரண்டு கண்ணுக்கும் அவனே தீட்டுவான். அந்த வேலையை அண்ணியிடம்கூட விடமாட்டான். மற்ற நேரம் வாயைத் திறந்தால் வசவாக வருகிற மனுஷன், அப்போது மட்டும் குழந்தையின் நெற்றியில் ஊதி ஊதித் தீட்டுவான். அவள் தூக்கம் வந்தால் கண்ணைக் கசக்குவாள். கசக்கிய கையை அப்படியே வாயில் போட்டுக்கொள்வாள். அந்த மாதத்தில் அவள் சரியாகச் சாப்பிடவில்லை, வயிறு சரியாகப் போகவில்லை, சும்மா சும்மா அழுதாள். பல் முளைக்கிறது என்றாள் அண்ணி.

மூன்றாவது வாரம் கடையில் ஆள் இல்லாத ஒரு மதியத்தில், என் மனசாட்சி தாங்காமல் அந்தச் சுருமாவின் கோட்டைத் திறந்து பார்த்தேன். மெஷின் எல்லாவற்றையும் சேமித்து வைத்திருக்கும். தங்கத்தின் மேடு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. அதற்குக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி ஒரு பெரிய மேடு, இன்னும் தள்ளி இன்னொன்று. படித்ததை மறந்திருந்தாலும் அந்த இரண்டு இடமும் மறக்கவில்லை. காரீயம். அண்ணன் மகள் கண்ணைக் கசக்கி வாயில் கை வைப்பது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

ஆனால் அண்ணனிடம் மேட்டைக் காட்டி ஒன்றும் ஆகாது. அவன் கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி ஏதாவது வேண்டும். கச்சிராயபாளையத்துக்காரர் ஒருவர் மனைவியின் தோட்டை டச் பார்க்க வருவார், கோமுகி அணையில் மீன் பிடிக்கிறவர். வலையின் அடியில் தொங்குகிற குண்டு ஒன்று வேண்டும் என்று கேட்டேன்.

"எதுக்கு எக்கா? நீ மீன் புடிக்கப் போறியா?"

"ஆமா, ஒரு பெரிய மீனு."

அடுத்த வாரத் தொடக்கத்தில் கொண்டுவந்து கொடுத்தார். ஈயக் குண்டு, பட்டாணி அளவு. மெஷினில் வைத்தேன். அதன் கோட்டைச் சுருமாவின் கோட்டுக்கு மேலே போட்டுப் பார்த்தால், இரண்டு மேடும் மயிரிழை விலகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தன. பிறகு அதே குண்டை, அண்ணனுக்கு அழுத்திய அதே நகைப் பட்டனை அழுத்திச் சீட்டு எடுத்தேன். முதல் வரியில் தங்கம் என்று வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

முதலாளி பின்னால் வந்து நின்றிருந்தார். "ஈயக் குண்டுக்கு எதுக்கும்மா டச்சு? ஒவ்வொரு வாட்டியும் எக்ஸ்ரே ட்யூப் ஆயுசு கம்மியாவுது, தெரியுமா இல்லியா?" என்றார். எதிர்த் தெருவில் அவர் கடைப் பெயரில் பொய் தொங்குவதைப் பற்றிச் சொன்னேன். "அது உங்க குடும்ப விஷயம்" என்று டீ குடிக்கப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் குண்டின் சீட்டு, சுருமாச் சீட்டின் நகல் இரண்டையும் குண்டோடு கொண்டுபோய் அண்ணன் முன்னால் வைத்தேன்.

"இன்னா இது?"

"வலைக் குண்டு. டேம்ல மீன் புடிக்கிற வலையில தொங்குறது. இதுவும் தங்கமாம், சீட்டைப் பாரு. இதையும் லேமினேஷன் போட்டு மாட்டு."

அவன் இரண்டு சீட்டையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்போ உன் மெஷினு பொய் சொல்லுது."

"மெஷின் மேல தப்பு இல்ல. நான் நகைக்கு அழுத்துற பட்டன அழுத்திட்டு வாய மூடிகினு இருந்தேன். உன் சுருமாவுல இருக்கிறது ஈயம். புள்ள கண்ணுல போடாத. யாருக்கும் விக்காத."

"அன்னிக்கு தங்கம்ன. இன்னிக்கு ஈயம்ன்ற. நாளைக்கு இன்னா சொல்லுவ, வெல்லம்ன்னா?"

"நாளைக்கும் ஈயம்தான்."

"அத்தா உனக்கும் எனக்கும் இதத்தான் போட்டாரு. இன்னா, கண்ணு அவிஞ்சா போச்சு?"

"கண்ணுக்கு ஒண்ணும் ஆவாது. ரத்தத்துல ஏறும். சின்னப் புள்ளைங்களுக்கு மூளைக்குப் போவும்."

"நபி வழியா வந்த சுன்னத்தான விஷயத்தத் தப்புன்னு சொல்ற அளவுக்குப் படிச்சிட்ட."

"சுருமா போடுறதத் தப்புன்னு நான் சொல்லல. நீ அரைக்கிற கல்லு தப்பு. ஈயத்தப் போடுன்னு எந்தக் கிதாபுல எழுதியிருக்கு, காட்டு."

அவன் குண்டை எடுத்துத் தெருவில் எறிந்தான். "என் வியாபாரத்தக் கெடுக்கத்தான் புருஷன் வூட்டுலேர்ந்து கெளம்பி வந்தியா?" என்றான். நான் அங்கிருந்து கிளம்பிவிட்டேன். பேசியிருந்தால் என் வாயில் என்ன வந்திருக்குமோ தெரியாது. அன்றிலிருந்து எனக்குக் கீழே சோறு கிடையாது, மாடியில் ஸ்டவ் வைத்துப் பொங்கினேன். அந்த வெள்ளிக்கிழமையும் அவன் குழந்தைக்குத் தீட்டினான். நான் பார்க்க வேண்டும் என்றே வாசலில் உட்கார்ந்து தீட்டினான்.

அண்ணி டச் கடைக்கு வந்தது அதற்கு இரண்டு நாள் கழித்து. இடுப்பில் குழந்தை. ஒரு வளையலைக் கழற்றி என் முன்னால் வைத்தாள். "இதுக்கு டச் பாரு" என்றாள். அது அவள் கல்யாண வளையல், எத்தனை டச் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நான் மெஷினில் வைக்காமல் அவளையே பார்த்தேன். அவள் குரலைத் தாழ்த்தி, "நெஜமா? இல்ல, அவர் மேல இருக்கிற ஆத்திரத்துல சொல்றியா?" என்றாள்.

"ரெண்டும்தான்" என்றேன். "ஆத்திரமும் நெஜம், ஈயமும் நெஜம். ரத்தத்த டெஸ்ட் பண்ணிப் பாப்போம். நான் சொன்னது பொய்யின்னா மாடி ரூம உன் தம்பிக்கு உட்டுட்டுப் போறேன்."

அவள் வளையலைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். இருவரும் அப்படியே ஒரு டாக்டரிடம் போனோம். குழந்தையின் கையில் ஊசி ஏறும்போது அண்ணி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள், நான்தான் பிடித்துக்கொண்டேன். ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பினார்கள். முடிவு வருகிற வரை அண்ணி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு நான் பொய்க்காரியாக இருந்துவிட வேண்டும் என்றுதான் ஆசை. சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கும் அதே ஆசைதான் இருந்தது.

முடிவு வந்தது. இருக்கக் கூடாத அளவுக்கு ஈயம். டாக்டர் காகிதத்தை வைத்துவிட்டு, "கண்ணுல இன்னா போடுறீங்க?" என்றுதான் முதல் கேள்வி கேட்டார். நல்ல வேளை, சீக்கிரம் வந்தீர்கள் என்றார். மையை இன்றோடு நிறுத்த வேண்டும், கீரை, முட்டை கொடுக்க வேண்டும், ஒரு மாதம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும் என்றார். அண்ணி அந்தக் காகிதத்தை நான்காக மடித்துத் துப்பட்டா முனையில் முடிந்துகொண்டாள்.

அன்று சாயங்காலம் கீழே பெரிய சத்தம் வரும் என்று மாடியில் காத்திருந்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை குழந்தை குளித்துவிட்டு வெளியே வந்தபோது அவள் கண்ணில் மை இல்லை. மையில்லாத அந்தக் கண்களை நான் சரியாகப் பார்த்தது அன்றைக்குத்தான். சின்னக் கண்கள், அவள் அம்மாவுக்கு இருக்கிற மாதிரி. அண்ணன் என் பக்கம் திரும்பாமல் ஜும்ஆத் தொழுகைக்குப் போனான். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கொஞ்சம் இரக்கம்கூட வந்தது, கடையில் ஒரு நாள் அவனோடு உட்காரலாமா என்று யோசித்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சனிக்கிழமை காலையில் வேலைக்குப் போகிற வழியில் கடையைப் பார்த்தேன். சீட்டு அங்கேயே தொங்கியது. ஜெராக்ஸ் கத்தை கல்லாமேலே இருந்தது. அலமாரியில் புட்டிகள் புதிதாக அடுக்கியிருந்தன. தொப்பி அட்டைப்பெட்டியைத் தட்டிக்கொண்டு அவன் மகள் மேஜைமேல் உட்கார்ந்திருந்தாள். எதிரே கச்சிராயபாளையத்துக் கரும்பு வெட்டும் பெண் ஒருத்தி, இடுப்பில் ஒரு வயதுப் பையன். பையனின் கண்ணில் காதோரம் வரைக்கும் மை. அண்ணன் புட்டியை அவள் கையில் வைத்து, "வெயிட்ட பாரு மா. தங்கம் கலந்தது. மெஷினு சீட்டு பாரு, மேல மாட்டியிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. உள்ளே போய், "அக்கா, அந்தச் சீட்டுல இருக்கிறது என் கையெழுத்து. அது தப்பான சீட்டு. இது ஈயம், வாங்காதீங்க" என்றேன்.

அவள் மிரண்டுபோய் அண்ணனைப் பார்த்தாள். "இன்னா பாய் இது?"

"அது என் தங்கச்சி. புத்தி கொஞ்சம் சரியில்ல மா. வூட்டு சண்டைய கடைக்கு எடுத்தாருது. நீ வாங்கிக்கினு போ."

நான் என்ன சொல்லியிருக்க முடியும்? எலக்ட்ரானையும் மேட்டையும் அந்தத் தெருவில் நின்று விளக்கவா? அப்படி விளக்கினால் அவன் சொன்னது சரி என்று ஆகியிருக்கும். மேஜைமேல் இருந்த அவன் மகளைத் தூக்கி அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"இது இவரு பொண்ணு. நேத்து வெள்ளிக்கிழமை, மை தீட்டுற நாளு. கண்ணப் பாருங்க."

அவள் பார்த்தாள். நெருங்கி வந்து பார்த்தாள். குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்தது. அவள் அண்ணன் பக்கம் திரும்பி, கோபமில்லாமல், தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். "பாப்பாவுக்கு ஏன் பாய் போடல?"

எதற்கும் பதில் வைத்திருக்கிற மனுஷன் அவன். கண் வலி என்று சொல்லியிருக்கலாம், மறந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தான், மகளைப் பார்த்தான், தொப்பி அட்டைப்பெட்டியை எடுத்து உள்ளே வைத்தான்.

அந்தப் பெண் புட்டியை மேஜைமேல் வைத்தாள். கூடையிலிருந்த தண்ணி பாட்டிலைத் திறந்து, முந்தானையை நனைத்து, பையனின் கண்ணைத் துடைக்க ஆரம்பித்தாள். அவன் அலறினான். மை கன்னமெல்லாம் பரவியது. அவள் விடவில்லை, துணியை மாற்றி மாற்றிப் பிடித்து, தோல் சிவக்கிற வரைக்கும் துடைத்தாள். அண்ணனைத் திட்டுவாள் என்று நான் காத்திருந்தேன். அவளோ துடைத்துக்கொண்டே இறங்கி பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள். நான் குழந்தையை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, கல்லாமேல் ஏறி சீட்டைப் பிய்த்தேன். அவன் தடுக்கவில்லை.

இப்போது அந்தக் கடையில் சுருமா இல்லை. அண்ணன் என்னிடம் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை. மாடி அறையைக் காலி செய்து வேறு வீடு பார்த்துக்கொண்டேன். அண்ணன் மகளுக்கு அடுத்த தடவை ரத்தம் எடுத்தபோது அளவு குறைந்திருந்தது. அண்ணி போனில் சொன்னாள், உடனே வைத்துவிட்டாள்.

அந்த ஜெராக்ஸ் எத்தனை போனது, யார் யாருக்குப் போனது என்று எனக்குத் தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது. போன வாரம் கல்வராயன் மலையிலிருந்து ஒரு பெண் டச் பார்க்க வந்தாள். மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, ஒற்றை மூக்குத்தியை என் முன்னால் வைத்தாள். மடிப்பு மடிப்பாகக் கசங்கியிருந்த காகிதத்தில் முதல் வரியில் தங்கம் என்று இருந்தது, அடியில் என் கையெழுத்து இருந்தது.

மூக்குத்தியைத் தொடாமல் தலையை நிமிர்த்தி, அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் முகத்தைப் பார்த்தேன், மூடிய இமையோரம் மை. பிறகு அவளை உட்காரச் சொல்லிவிட்டு, தண்ணீரும் துணியும் எடுக்க உள்ளே போனேன்.